ஜான் மெக்லாஃப்லின்

ஜான் மெக்லாஃப்லின் (பிறப்பு: சனவரி 4, 1942) ஓர் ஆங்கிலேய கித்தார் கலைஞரும் இசையமைப்பாளரும் ஆவார். தொடக்கத்தில் வாய்ப்பாட்டு இன்றி, கருவியிசையை மட்டுமே கொண்டு இயங்கிய மகாவிஷ்ணு ஆர்க்கெஸ்ட்ரா என்னும் ஜாஸ்-ராக் இசைக்குழுவை 1971 ஆம் ஆண்டு நியூயார்க் நகரில் நிறுவினார். அக்குழு பெரும் அரங்குகளை நிரப்பிக்கொண்டிருந்த காலத்திலேயே கருநாடக இசையை முறையாகக் கற்கத் தொடங்கினார். பின்னர் மின்கித்தாரை ஒதுக்கி வைத்துவிட்டு, தமிழகக் கலைஞர்களுடன் தரையில் அமர்ந்து வாசித்த சக்தி குழுவை உருவாக்கினார். தமிழ் வாசகர்களுக்கு இவர் நெருக்கமாவது இதனாலேயே.

இளமைக்காலம்

இங்கிலாந்தின் யார்க்‌ஷயர் பகுதியிலுள்ள டான்காஸ்டரில் பிறந்தார். இவருடைய தாயார் வயலின் வாசிப்பவர். பதினொன்றாம் வயதில் கித்தார் இவர் கைக்கு வந்தது. 1960களில் இலண்டனில் கிரகாம் பாண்ட், ஜார்ஜி ஃபேம் முதலியோரின் குழுக்களில் வாசித்தார். 1969 தொடக்கத்தில் தமது முதல் இசைத்தொகுப்பான எக்ஸ்ட்ராபொலேஷனைப் பதிவு செய்தபின், டிரம்ஸ் கலைஞர் டோனி வில்லியம்ஸின் அழைப்பை ஏற்று அமெரிக்கா சென்றார். அங்கு சென்ற சில வாரங்களிலேயே, ஜாஸ் மேதை மைல்ஸ் டேவிஸின் 'இன் எ சைலன்ட் வே' ஒலிப்பதிவில் பங்கேற்கும் வாய்ப்பு அமைந்தது. அடுத்து வந்த 'பிட்சஸ் புரூ' (1970) தொகுப்பில் ஓர் இசைத்துண்டுக்கு டேவிஸ் 'ஜான் மெக்லாஃப்லின்' என்றே பெயரிட்டார். தன் குழுவில் வாசித்த இளைஞர் ஒருவருக்கு மைல்ஸ் டேவிஸ் இத்தகைய சிறப்பைச் செய்தது அரிதான செயலாகும்.

மகாவிஷ்ணு ஆர்க்கெஸ்ட்ரா

1970 ஆம் ஆண்டளவில் மெக்லாஃப்லின் ஸ்ரீ சின்மயின் சீடரானார். வங்காளத்தில் பிறந்த சின்மய், புதுச்சேரி அரவிந்தர் ஆசிரமத்தில் இருபது ஆண்டுகள் வாழ்ந்து, 1964 இல் நியூயார்க்கில் குடியேறியவர். மகாவிஷ்ணு என்பது அவர் மெக்லாஃப்லினுக்குச் சூட்டிய பெயர். அதுவே குழுவின் பெயரும் ஆயிற்று. பில்லி காபம் (டிரம்ஸ்), ஜான் ஹாமர் (விசைப்பலகை), ஜெர்ரி குட்மன் (வயலின்), ரிக் லேர்ட் (பேஸ் கித்தார்) ஆகியோர் முதல் அணியில் இடம்பெற்றனர். இவர்கள் முறையே பனாமா, செக்கோஸ்லோவாக்கியா, அமெரிக்கா, அயர்லாந்து ஆகிய நாடுகளில் பிறந்தவர்கள்.

அக்காலத்து ராக் இசை பெரும்பாலும் நான்கு எண்ணிக்கையில் செல்வது. இக்குழுவின் இசையோ அவ்வாறு அமையவில்லை. 'பேர்ட்ஸ் ஆஃப் ஃபயர்' என்னும் இசைத்துண்டு பதினெட்டு எண்ணிக்கை கொண்ட சுற்றில் சுழல்கிறது. கண்டம், மிச்ரம், சங்கீர்ணம் எனப் பழகிய செவிக்கு இதில் வியப்பில்லை. ஆனால் மின்கித்தாரின் பேரொலியுடன், இத்தனை வேகத்தில், ஐவரும் ஒரே மூச்சில் இதனை வாசித்தது மேலைநாட்டு இளைஞர்களுக்குப் புதிது. மெக்லாஃப்லின் அப்போது ஆறு தந்திகளும் பன்னிரண்டு தந்திகளும் கொண்ட இரட்டைக் கழுத்து கிப்சன் கித்தாரை வாசித்தார்.

'தி இன்னர் மவுண்டிங் ஃப்ளேம்' (1971), 'பேர்ட்ஸ் ஆஃப் ஃபயர்' (1973) ஆகிய இரு தொகுப்புகளே முதல் அணியின் ஆயுளில் வெளிவந்த அரங்க ஒலிப்பதிவுகள். இரண்டாவது, அமெரிக்க பில்போர்டு பட்டியலில் 15 ஆம் இடம் வரை சென்றது. பாடல் வரிகளே இல்லாத ஒரு தொகுப்புக்கு இது பெரிய வெற்றியாகும். எனினும் குழுவுக்குள் விரிசல் வளர்ந்தது. இவ்விரு தொகுப்புகளிலும் இசையமைப்பு முழுவதும் மெக்லாஃப்லின் பெயரிலேயே இருந்தது. மற்றவர்கள் தங்கள் ஆக்கங்களுக்கும் இடம் வேண்டினர். 1973 இல் இலண்டன் டிரைடென்ட் ஒலிப்பதிவுக் கூடத்தில் பதிவான மூன்றாம் தொகுப்பில் ஹாமர், குட்மன், லேர்ட் ஆகியோரின் ஆக்கங்களும் உள்ளன. ஆனால் அது வெளியாகாமல் முடங்கி, 1999 இல்தான் வெளிவந்தது. 1973 இறுதியில் முதல் அணி கலைந்தது.

வேறு கலைஞர்களைக் கொண்டு இதே பெயரில் 1976 வரை மேலும் மூன்று தொகுப்புகள் வெளியாயின. அவற்றுள் 'அபொகலிப்ஸ்' (1974) இலண்டன் சிம்பொனி இசைக்குழுவுடன் இணைந்து செய்யப்பட்டது. பீட்டில்ஸ் குழுவின் தயாரிப்பாளரான ஜார்ஜ் மார்ட்டின் இதனைத் தயாரித்தார். குரலிசையும் இப்போது சேர்ந்தது. முதல் அணியின் இறுக்கம் இவற்றில் இல்லை என்றே கூறவேண்டும்.

கருநாடக இசைப் பயிற்சி

அமெரிக்காவின் கனெடிகட் மாநிலத்திலுள்ள வெஸ்லியன் பல்கலைக்கழகம் 1960கள் முதலே கருநாடக இசைக் கலைஞர்களை அழைத்துப் பாடம் நடத்திவந்தது. சிலப்பதிகார இசையை ஆராய்ந்து அங்கு முனைவர் பட்டம் பெற்றவரான எஸ். இராமநாதனிடம் மெக்லாஃப்லின் வீணை பயின்றார். வயலின் கலைஞர் எல். சங்கரும் அப்போது வெஸ்லியனில் ஆய்வு மாணவராக இருந்தார். சங்கரின் தந்தையார் வி. இலட்சுமிநாராயணா யாழ்ப்பாணத்தில் இசை ஆசிரியராகப் பணியாற்றியவர். 1958 இனக்கலவரத்திற்குப் பின் அக்குடும்பம் சென்னைக்குத் திரும்பியது.

சக்தி

மெக்லாஃப்லின், சங்கர், தபேலா கலைஞர் சாகிர் உசேன், கடம் கலைஞர் தே. ஹ. விநாயக்ராம், வெஸ்லியனில் மிருதங்கம் கற்பித்த இராமநாதபுரம் இராகவன் ஆகியோர் இணைந்ததே சக்தி. இவர்களின் முதல் தொகுப்பு 1975 சூலை 5 அன்று நியூயார்க் மாநிலத்தின் சவுத்தாம்ப்டன் கல்லூரியில் நடந்த கச்சேரியின் பதிவாகும். 'எ ஹேண்ட்ஃபுல் ஆஃப் பியூட்டி' (1976), 'நேச்சுரல் எலிமென்ட்ஸ்' (1977) ஆகியவை பின்தொடர்ந்தன. விற்பனையில் இவை மகாவிஷ்ணு ஆர்க்கெஸ்ட்ராவை நெருங்கவில்லை.

சக்தியின் இசையைக் 'கலப்பிசை' என்று ஒரே சொல்லில் அடக்கிவிடுவது வழக்கம். அது முற்றிலும் சரியன்று. தனி ஆவர்த்தனம், கோர்வை, சொற்கட்டு ஆகியவற்றை அலங்காரமாகச் சேர்க்காமல், அவற்றின் மேலேயே இசையைக் கட்டினர். இரண்டாம் தொகுப்பிலுள்ள 'லா டான்ஸ் து பொனர்' சொற்கட்டுடனேயே தொடங்குவது குறிப்பிடத்தக்கது.

மாற்றியமைத்த கித்தார்

வீணையில் மெட்டுகள் மெழுகின் மேல் உயர்த்திப் பதிக்கப்பட்டிருப்பதால், தந்தியை அழுத்தியும் இழுத்தும் ஒரே மெட்டிலிருந்து பல சுரங்களை வளைத்து எடுக்க முடிகிறது. கமகம் பிறப்பது இதனால்தான். கித்தாரிலோ விரல் தந்தியை அழுத்தியவுடன் கீழேயுள்ள மரப்பலகையில் முட்டி நின்றுவிடும். பலகையின் உராய்வு தந்தியின் பக்கவாட்டு அசைவையும் தடுக்கும். இச்சிக்கலுக்கு, கிப்சன் நிறுவனத்துடன் பணியாற்றிய கருவிக் கைவினைஞர் ஆப்ரகாம் வெக்டர் தீர்வு கண்டார். மெட்டுகளுக்கு இடைப்பட்ட மரத்தைக் குழிவாகச் செதுக்கியதால் விரல் பலகையைத் தொடாமல் தந்தியை வளைக்க இயன்றது. மேலும் ஒலித்துளையின் குறுக்கே ஏழு தந்திகள் சாய்வாகக் கட்டப்பட்டன. சித்தாரின் தரப் தந்திகளைப் போல இவை மீட்டாமலே ஒத்ததிர்வால் ஒலிக்கக்கூடியவை. வேண்டும்போது மீட்டவும் செய்யலாம். ஆயினும் வீணையின் நீண்ட கமகங்கள் முழுமையாக இக்கருவியில் கைகூடவில்லை. மெக்லாஃப்லினின் வாசிப்பில் வேகச் சுரக்கோர்வைகளே மேலோங்கி நிற்கின்றன.

பிற்காலம்

1977க்குப் பின் சக்தி கலைந்தது. பாக்கோ தே லூசியா, அல் டி மியோலா ஆகியோருடன் 1980 திசம்பரில் வாசித்த 'ஃப்ரைடே நைட் இன் சான் ஃபிரான்சிஸ்கோ' (1981) கித்தார் பயில்வோர் இன்றும் தேடிக் கேட்கும் பதிவாகும்.

1997 இல் 'ரிமெம்பர் சக்தி' என்ற பெயரில் குழு மீண்டும் கூடியது. சங்கரின் வயலின் இருந்த இடத்தில் உ. ஸ்ரீநிவாஸின் மாண்டலின் வந்தது. விநாயக்ராமின் மகன் வி. செல்வகணேஷ் கஞ்சிராவுடன் இணைந்தார். சங்கர் மகாதேவன் பாடினார். மேலைநாட்டு மாண்டலினை மின்கருவியாக்கிக் கருநாடக இசைக்குப் பழக்கியவர் ஸ்ரீநிவாஸ். கித்தாரில் மெக்லாஃப்லின் எதிர்கொண்ட அதே சிக்கலை அவர் சிறு வயதிலேயே தம் வழியில் கடந்திருந்தார். 2014 செப்டம்பர் 19 அன்று, 45 ஆம் வயதில் ஸ்ரீநிவாஸ் சென்னையில் காலமானார். மகாவிஷ்ணு ஆர்க்கெஸ்ட்ராவின் ரிக் லேர்ட் 2021 சூலையில் மறைந்தார்.

2007 இல் செல்வகணேஷுடன் சேர்ந்து, கொன்னக்கோலை மேலைநாட்டு மாணவர்களுக்குக் கற்பிக்கும் டிவிடி பாடம் ஒன்றை மெக்லாஃப்லின் வெளியிட்டார். கருவி எதுவாயினும் தாளத்தை முதலில் வாயால் சொல்லிப் பழகவேண்டும் என்னும் முறை இதில் விளக்கப்படுகிறது.

வயலின் கலைஞர் கணேஷ் இராஜகோபாலன் சேர்ந்த அணி 2023 இல் வெளியிட்ட 'திஸ் மொமென்ட்' தொகுப்பு, 2024 பெப்ரவரியில் சிறந்த உலக இசைத்தொகுப்புக்கான கிராமி விருதைப் பெற்றது. அவ்வாண்டு திசம்பர் 15 அன்று சாகிர் உசேன் சான் ஃபிரான்சிஸ்கோவில் காலமானார். 1975 முதல் 'திஸ் மொமென்ட்' வரை சக்தியின் எல்லா அணிகளிலும் மெக்லாஃப்லினுடன் இருந்தவர் அவர் ஒருவரே.