நீலகிரி மலை இருப்புப்பாதை நிலையப் பெயர்கள்: ஒரு வரலாற்று நோக்கு

மேட்டுப்பாளையத்தினின்றும் உதகமண்டலம் செல்லும் மலை இருப்புப்பாதை பொறியியலார்க்கும் சுற்றுலாச் செல்வோர்க்கும் நன்கு அறிமுகமானது. தமிழ் ஆய்வாளர்க்கும் அதன்கண் பொருள் உண்டு. ஏறத்தாழ 46 கிலோமீட்டர் நீளமுள்ள இப்பாதையின் நிலையப் பெயர்களை அடிவாரத்திலிருந்து வரிசையாகப் படித்துச் செல்வோமாயின், கொங்குநாட்டாரும் மலைவாழ் குடியினரும் ஆங்கிலேயரும் ஒருவர் மொழியை ஒருவர் எங்ஙனம் செவிமடுத்தனர் என்பது புலனாகும். அதனை எடுத்துக்காட்டுவதே ஈண்டு நம் நோக்கம்.

முதற்கண் பாதையின் வரலாற்றைச் சுருங்கக் காண்போம். நீலகிரி பத்தொன்பதாம் நூற்றாண்டின் பெரும்பகுதியும் கோயமுத்தூர் மாவட்டத்தோடு இணைந்திருந்தது. 1868-இல்தான் தனி ஆட்சிப் பகுதியாயிற்று. கோயமுத்தூர் ஆட்சித்தலைவராக இருந்த சான் சல்லிவன் 1819-இல் மலை ஏறினார். அவர் காலத்தில் அமைந்த முதல் வழி சிறுமுகையிலிருந்து கோத்தகிரிப் பக்கம் சென்றது. பின்னர்க் குன்னூர்க் கணவாய் வழி அமையவே, மேட்டுப்பாளையம் மலைவாயிலாக உயர்ந்தது. போத்தனூரிலிருந்து 1873-இல் அவ்வூர்க்கு இருப்புப்பாதை வந்தது. அதற்குமேல் குதிரை வண்டியும் மாட்டு வண்டியுமே துணை.

மலைமேல் இருப்புப்பாதை இடும் எண்ணம் 1854-லேயே தோன்றியது எனினும், செயலுக்கு வர நெடுங்காலம் ஆயிற்று. சுவிட்சர்லாந்து நாட்டு ரிகி மலைப்பாதையை 1871-இல் அமைத்த ரிக்கன்பாக் என்னும் பொறியாளரின் ஆலோசனை 1882-இல் பெறப்பட்டது. ஆயினும் இறுதியில் மேற்கொள்ளப்பட்டது, முன்னர் அவரிடம் பணியாற்றிய ஆப்ட் என்பார் கண்ட முறையாகும். 1891-இல் வேலை தொடங்கிற்று. தொடங்கிய நிறுவனம் பொருள் முட்டுப்பாட்டால் கலைந்தது. புதிய நிறுவனம் ஒன்று பணியை முடிக்க, 1899-இல் குன்னூர் வரையிலும், 1908-இல் உதகை வரையிலும் வண்டி ஓடியது.

கல்லாற்றுக்கும் குன்னூர்க்கும் இடைப்பட்ட ஏறத்தாழ 20 கிலோமீட்டரே கடும் ஏற்றம். 12 அடி சென்றால் ஓரடி உயரும் இடங்கள் அங்கு உள. வழுவழுப்பான தண்டவாளத்தில் சக்கரம் பற்றி ஏறுதல் இயலாதாகலின், இரு தண்டவாளங்களின் நடுவே பல் வெட்டிய இரும்புச் சட்டங்கள் இரண்டு இணையாகப் பதிக்கப்பட்டுள்ளன. ஒன்றன் பல் மற்றொன்றன் பல்லுக்கு நேர் நில்லாது மாறி நிற்கும்; எனவே பொறியின் பற்சக்கரம் எப்பொழுதும் ஏதேனும் ஒரு பல்லைக் கவ்விய வண்ணமே இருக்கும். ஏறுங்கால் நீராவிப் பொறி வண்டியை இழுப்பதன்று, பின்னின்று தள்ளுவது. குன்னூர்க்கு மேல் பற்சட்டம் இல்லை. இன்று அப்பகுதியில் டீசல் பொறியே இழுத்துச் செல்கின்றது.

இனிப் பெயர்களுக்கு வருவோம். மேட்டுப்பாளையம் என்பது கொங்குநாட்டில் மலிந்துள்ள 'பாளையம்' ஈற்றுப் பெயர்களுள் ஒன்று. அடுத்தது கல்லாறு. கற்கள் நிறைந்த காட்டாற்றின் பெயர் என்பது வெளிப்படை. ஆயின் இப்பெயர் ஆங்கில எழுத்தில் சென்று மீண்டபொழுது ஈற்று உகரத்தை இழந்தது. செய்தித்தாள்களில் 'கல்லார்' எனக் காண்கின்றோம். கல்லார் என்பார் கல்வி இல்லாதார் அல்லரோ! ஆற்றைக் கல்லாதவர் ஆக்கிய பிழை தமிழ் தெரிந்தோர் கையாலேயே நிகழ்கின்றது என்பதை வருத்தத்தோடு குறிக்கின்றோம்.

கல்லாற்றுக்கு மேல் காடு. அங்கே தமிழ்ப் பெயர் மறைந்து ஆடர்லி, ஹில்குரோவ், ரன்னிமீட் என்னும் ஆங்கிலப் பெயர்கள் தொடர்கின்றன. இவற்றுள் மூன்றாவது பெரிதும் நோக்கத்தக்கது. இங்கிலாந்தில் தேம்சு ஆற்றங்கரையில், 1215-இல் சான் மன்னன் உரிமைப் பட்டயத்திற்கு முத்திரையிட்ட புல்வெளியின் பெயர் அது. நீலகிரிச் சரிவில் வழங்கும் அப்பெயரை நம் மக்கள் 'ரன்னிமேடு' என்கின்றனர். புல்வெளியைக் குறித்த சொல், தமிழ்ச் செவியில் 'மேடு' எனப் பொருள் பெற்றுவிட்டது. ஆற்றங்கரைத் தாழ்நிலம் மலைமேல் மேடாயிற்று! இதனைப் பிழை என ஒதுக்குதல் தகாது. அயற்சொல்லுக்குத் தம் மொழியில் பொருள் காணும் மக்கள் மரபு இது. ஆடர்லி 'அடர்லி' ஆனதும் அடர்ந்த காட்டை நினைந்தோ என ஐயுறலாம். ஆயின் அதனைத் துணிந்து கூற மாட்டோம்.

காட்டேரி, கேத்தி ஆகிய இரண்டும் படகர் ஊர்ப்பெயர்கள். காட்டேரி என்றவுடன் பேய்ப்பெயரை நினைவோரும், 'காட்டு ஏரி' எனப் பிரிப்போரும் உளர். படகர் நாவில் அப்பெயர் ஒலிக்கும் முறையைக் கேளாது தமிழ் இலக்கணம் ஒன்றனையே கொண்டு முடிவு காணுதல் முறையன்று. குன்னூரைக் 'குன்று + ஊர்' எனப் பிரிப்பதற்கும் இது பொருந்தும்.

வெல்லிங்டன் நிலையத்தின் வரலாறு வேறு வகைத்து. ஜெகதளா என்னும் படகர் ஊரின் பெயராலேயே அங்குள்ள படைக்குடியிருப்பு முதலில் வழங்கியது. பின்னர் ஆங்கிலப் படைத்தலைவர் பெயர் இடப்பட்டது. இஃது ஆணையால் நேர்ந்த மாற்றம். ரன்னிமேடோ மக்கள் நாவால் நேர்ந்தது. இவ்விரண்டையும் ஒரு தட்டில் வைத்தல் கூடாது. ஜெகதளா இன்றும் ஊராக உள்ளது. நிலையப் பலகையில் மட்டும் அது இல்லை.

இப்பாதையில் 16 குகைவழிகளும் 250 பாலங்களும் உள. பாறை பிளந்தோரும் கல் சுமந்தோரும் எவர் பெயரும் எந்நிலையத்திற்கும் இடப்படவில்லை. 2005-இல் யுனெஸ்கோ இப்பாதையை உலக மரபுச் சின்னமாக ஏற்றது. பொறியும் பாலமும் போற்றப்படுகின்றன. பெயர்களைப் போற்றுவார் அரியர். மேற்கூறிய நிலையங்களுட் சில இன்று பயணிகள் ஏறி இறங்கும் இடங்களாக இல்லை. ஆளற்ற நிலையத்தின் பெயர் நெடுநாள் நாவில் நில்லாது. ஆதலின் படகரிடையேயும் பாதைத் தொழிலாளரிடையேயும் வழங்கும் ஒலிவடிவங்களை முதுகலை மாணவர் இப்பொழுதே சென்று தொகுத்தல் வேண்டும்.

பாதை முடியும் ஊரின் பெயரும் இவ்வகையிலேயே ஆராயத்தக்கது. 1821-இல் ஆங்கில எழுத்தில் 'வோட்டோகிமண்ட்' என அது பதிவாயிற்று. ஈற்றில் உள்ளது தோடர் குடியிருப்பைக் குறிக்கும் 'மந்து' என்னும் சொல். ஆங்கிலேயர் நாவில் அது 'மண்ட்' ஆயிற்று. நம்மவர் அதனை 'மண்டலம்' ஆக்கி, முன்னே 'உதகம்' என்னும் வடசொல்லையும் நிறுத்தினர். நிலையப் பலகையில் தமிழிலும் இந்தியிலும் ஆங்கிலத்திலும் உதகமண்டலம் என்றே எழுதியுள்ளனர். தோடரின் மந்து அதனுள் மறைந்து நிற்கின்றது.