தபாலில் போகாத தபால் வாக்கு: விஜயநகரிலிருந்து ஒரு பார்வை

2024 மக்களவைத் தேர்தலில் மைசூரு விஜயநகரில் வசிக்கும் 85 வயது கடந்த மூத்தவர் வீட்டிலிருந்தே வாக்களிக்க முடிந்தது. அதே தெருவில் குடியிருந்து, பெயரை ஈரோட்டுப் பட்டியலில் வைத்திருக்கும் தொழிலாளியோ ஏப்ரல் 19 அன்று ஊருக்குப் போயாக வேண்டியிருந்தது. இருவரும் சாவடிக்கு எளிதில் போக முடியாதவர்களே. சட்டம் முதலாமவரை மட்டும் ‘வராத வாக்காளர்’ என ஏற்கிறது.

படையினர், தேர்தல் பணியாளர், தடுப்புக் காவலில் இருப்போர் ஆகியோருக்குத் தபால் வாக்குரிமை முன்பே உண்டு. 1961 தேர்தல் நடத்தை விதிகளில் 2019 அக்டோபரில் வந்த திருத்தம், 80 வயது கடந்தோரையும் மாற்றுத்திறன் உடையோரையும் சேர்த்தது. 2024 மார்ச்சில் வயது 85 ஆக உயர்ந்தது. 2019 திருத்தத்தை எதிர்த்துத் திமுக தொடுத்த வழக்கைச் சென்னை உயர் நீதிமன்றம் 2021 மார்ச்சில் தள்ளுபடி செய்தது.

அந்த முடிவு சரியே. வீட்டு வாக்குப்பதிவில் அஞ்சல்காரருக்கு வேலையே இல்லை. அறிவிக்கை வெளியான 5 நாளுக்குள் படிவம் 12டி கொடுத்தவரின் வீட்டுக்கு அலுவலர்கள் வாக்குச்சீட்டோடு வருகிறார்கள். காவலரும் வீடியோ பதிவும் உண்டு. முதல் முறை ஆள் இல்லையென்றால் இன்னொரு முறை வருவார்கள். ஆனால் விண்ணப்பம் ஏற்கப்பட்டபின் சாவடியில் வாக்களிக்க முடியாது. உண்மையில் இது வீடு தேடி வரும் சாவடி.

ஆளில்லாமல் தாள் மட்டும் பயணிக்கும்போது என்ன நேரும் என்பதற்குத் தமிழ்நாட்டின் ராதாபுரம் தொகுதி சாட்சி. 2016 சட்டமன்றத் தேர்தலில் அங்கே வெற்றி வித்தியாசம் 49 வாக்குகள். நிராகரிக்கப்பட்ட தபால் வாக்குகளோ 203. அந்த வாக்குகளுக்கு நடுநிலைப்பள்ளித் தலைமையாசிரியர் இட்ட சான்றொப்பம் செல்லுமா என்பதே தகராறு. மறு எண்ணிக்கைக்கு உயர் நீதிமன்றம் உத்தரவிட்டபோது 2019 அக்டோபர் ஆகிவிட்டது. முடிவை அறிவிக்க உச்ச நீதிமன்றம் தடை விதித்தது. சான்றொப்பமிட ஆசிரியரைத் தெரிந்த அரசு ஊழியர்களுக்கே இந்தக் கதி. கூலிக்காரர் யாரிடம் போவார்?

ஆகவே வெளியூர்த் தொழிலாளிக்கும் தபால் வாக்கு கொடுத்துவிடலாம் என்ற எளிய வாதத்தை நான் ஏற்கவில்லை. விஜயநகரில் நிலையாகத் தங்கியவர் படிவம் 8 மூலம் பெயரை அங்கேயே மாற்றிக்கொள்வது நல்லது. குடிநீரும் சாலையும் அங்கேதான் அவருக்குப் பிரச்சினை.

சிக்கல், சில மாதம் வேலைக்கு வந்து திரும்புவோரிடம். தற்காலிகமாக வெளியூர் போனதாலேயே ஒருவரின் குடியிருப்பு அற்றுப்போகாது என்கிறது 1950 மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 20ஆம் பிரிவு. அவர் பெயரை ஊர்ப் பட்டியலில் காத்துவைக்கும் சட்டம், வேலை செய்யும் இடத்தில் இருந்தபடி வாக்களிக்க வழி தரவில்லை. ஒரே சாவடியில் 72 தொகுதிகளின் வாக்குகளைப் பதியும் தொலைவாக்கு இயந்திரத்தைத் தேர்தல் ஆணையம் 2022 டிசம்பரில் முன்வைத்தது. கட்சிகளின் எதிர்ப்பால் அது நகரவில்லை. ஆனால் அதன் அடிப்படை சரியானது: தாளை அனுப்புவதற்குப் பதில், அலுவலர் முன்னிலையில் மறைவாக வாக்களிக்கும் இடத்தை வாக்காளர் அருகே கொண்டுவருவது. 2019 திருத்தம் முதியவருக்குச் செய்ததும் அதுவே.