அத்தாவின் காதும் சோழர் வெண்கலமும்

போன மே மாசம் ஊருக்குப் போயிருந்தேன். லப்பைக்குடிக்காட்டுல மே மாசம்னா எப்படி இருக்கும்னு தெரிஞ்சவங்களுக்குத் தெரியும். வெள்ளாத்துல மணல் மட்டும்தான் ஓடும். பாலத்தைத் தாண்டி திட்டக்குடி போயிட்டு வர்றதுக்குள்ள சட்டையைப் பிழிஞ்சு காயப்போடலாம்.

அத்தா காது மெஷின் போட்டு ரெண்டு வருஷம் ஆகுது. செல்போனோட ப்ளூடூத்ல இணையுற வகை. அவர் சம்பளத்துல வாங்கினது இல்ல, நான் வாங்கிக் கொடுத்தது. அதனாலயே அது கெட்டுப்போனதை என்கிட்ட சொல்லாம ஒரு மாசம் சமாளிச்சிருக்கார். போன்ல நான் பேசினா "சரி சரி"னு மட்டும் சொல்லுவார். இவர் ஏன் இவ்வளவு சுலபமா எல்லாத்துக்கும் ஒத்துக்கிறார்னு அப்பவே நான் சந்தேகப்பட்டிருக்கணும் :-)

திருச்சியில கடைக்காரர் திறந்து காட்டினார். உள்ளே நகத்தளவுக்கு மடிச்சு வச்ச செம்புப் படலம், அதான் ஆன்டெனா. அது தொடுற ஊசிமுனை ஓரத்துல வெளிர் பச்சையா மாவு மாதிரி பூத்திருந்தது. "வேர்வை சார், இதெல்லாம் வாரண்டில வராது"ன்னார். பில்லை விட எனக்கு அந்தப் பச்சைதான் மனசுல நின்னுச்சு. அதை நான் ஏற்கெனவே படத்துல பார்த்திருக்கேன், பழைய செப்புத் திருமேனிகள் மேல.

கொஞ்சம் கணக்கு பார்த்துடுவோம், பயப்படாதீங்க. ப்ளூடூத் 2.4 கிகாஹெர்ட்ஸ். அதோட அலைநீளம் சுமார் 12.5 செ.மீ., கால் அலை 3 செ.மீ. சொச்சம். காது மடலுக்குப் பின்னாடி இருக்கிற மொச்சைக்கொட்டைக்குள்ள அதை மடிச்சுத் திணிக்கணும். இதுக்கு மேல இன்னொரு சங்கதி: இந்த அதிர்வெண்ல மின்சாரம் செம்போட உள்ளே போகாது, மேல்தோல்லயே ஓடிடும். அந்தத் தோலோட ஆழம் சுமார் 1.3 மைக்ரான். பாலத்துக் கம்பியில ஒரு மில்லிமீட்டர் துரு பிடிச்சாலும் பாலம் நிக்கும். இங்க ஒண்ணு ரெண்டு மைக்ரான் போனா ரோடே போச்சு.

உப்புத்தண்ணியில இருந்து செம்பைக் காப்பாத்தறது இன்னிக்கு நேத்து வந்த தலைவலி இல்ல. பிரிட்டிஷ் கடற்படை கப்பலோட அடிப்பாகத்துல செப்புத் தகடு அடிப்பாங்க, புழுவும் பாசியும் ஒட்டாம இருக்க. கடல் அந்தத் தகட்டையே தின்னுச்சு. 1824ல ஹம்ப்ரி டேவி ஒரு வழி சொன்னார்: செம்போட துத்தநாகமோ இரும்போ சேர்த்து வை, கடல் அதைத் தின்னுட்டு செம்பை விட்டுடும். சோதிச்ச கப்பல்கள்ல ஒண்ணு சமரங், நம்ம கொச்சியில கட்டி 1822ல தண்ணியில இறக்கினது. அதுல இரும்பைப் பொருத்தி நோவா ஸ்கோஷியா வரைக்கும் அனுப்பினாங்க. செம்பு தப்பிச்சுது. ஆனா இப்படிக் காப்பு போட்ட கப்பல்கள்ல பாசியும் சிப்பியும் வந்து குடியேறிடுச்சு. செம்பு கரைஞ்சு விஷமா இருந்ததாலதான் அதுங்க இத்தனை நாள் கிட்ட வராம இருந்திருக்கு! சில வருஷத்துல கடற்படை எல்லாத்தையும் கழட்டச் சொல்லிடுச்சு. காப்பாத்தறேன்னு போய் வேலையைக் கெடுத்த கதை. இதை ஞாபகம் வச்சுக்குங்க, திரும்ப வரும்.

அடுத்த ஆள் நம்ம ஊர்க்காரர், எனக்கு ரொம்பப் பிடிச்சவர். சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்துல வெண்கலச் சிலைகள்ல பச்சை மாவு பூத்து உதிர ஆரம்பிச்சதால 1930ல ஒரு ரசாயனப் பிரிவு தொடங்கினாங்க. பொறுப்பேத்தவர் எஸ். பரமசிவன். இந்த வியாதிக்கு 'வெண்கல நோய்'னே பேர். மண்ணுல இருந்த உப்போட குளோரைடு செம்போட சேர்ந்து குப்ரஸ் குளோரைடா சிலைக்குள்ள உட்கார்ந்திருக்கும். ஈரக்காத்து பட்டதும் பச்சை மாவாயிடும், கூடவே ஹைட்ரோகுளோரிக் அமிலத்தையும் கக்கும். அந்த அமிலம் புதுச் செம்பைக் கடிக்கும், திரும்ப குப்ரஸ் குளோரைடு. அதாவது குளோரைடு செலவே ஆகாது! வட்டிக்கு விட்ட காசு மாதிரி சுத்திச் சுத்தி வரும். ஆயிரம் வருஷம் மண்ணுக்குள்ள தாக்குப்பிடிச்ச சாமி, கண்ணாடிப் பெட்டிக்கு வந்தப்புறம் கரையும்.

மேல பூச்சு பூசினா நோய் உள்ளேயே இருக்கும். அதனால சிலையைக் காரக் கரைசல்ல வச்சு, எதிர்முனையா இணைச்சு, மெதுவா மின்சாரம் விட்டு குளோரைடை வெளிய இழுக்கிற மின்பகுப்பு முறை. நியூயார்க் மெட்ரோபாலிடன் மியூசியத்துல 1925 வாக்குல வந்த இந்த வித்தையை வச்சு, சில வருஷத்துலயே சென்னையில நம்ம செப்புத் திருமேனிகளுக்கு வைத்தியம் பார்த்திருக்காங்க. பரமசிவன் பேரு நம்ம பாடப்புத்தகத்துல ஏன் இல்லைன்னு எனக்கு விளங்கல.

அத்தா மெஷின்ல நடந்ததும் அச்சு அசல் இதேதான். குளோரைடு மண்ணுல இருந்து வராம நெத்தியில இருந்து வந்திருக்கு, அவ்வளவுதான். வேர்வையில உப்பு கடல்நீரை விட ரொம்பக் கம்மி. ஆனா காயக் காய உப்பு மட்டும் தங்கும். காத்துல ஈரப்பதம் 75 சதவீதம் தாண்டினா அது தானாவே தண்ணியை இழுத்துக் கரைஞ்சுக்கும். ராத்திரி மேஜை மேல சும்மா கிடக்கும்போதும் அரிப்பு நடக்கும்.

இப்ப சுவாரசியமான திருப்பம். 1967ல மேட்சன்னு ஒருத்தர் வெண்கல நோய்க்கு பென்சோட்ரையசோல்னு ஒரு ரசாயனத்தைப் பரிந்துரைச்சார். அது செம்போட சேர்ந்து மெல்லிய கவசமா மாறிடும். அதே குடும்பத்து ரசாயனங்களைத்தான் சர்க்யூட் போர்டு தயாரிக்கிறவங்களும் செம்பு கறுக்காம இருக்கத் தடவுறாங்க. சாமிக்கும் செல்போனுக்கும் ஒரே மருந்து!

"அப்ப தங்கம் பூசிட்டாப் போச்சே"ன்னு தோணும். பூசுறாங்க. செம்பு மேல சில மைக்ரான் நிக்கல், அதுக்கு மேல பெரும்பாலும் 0.1 மைக்ரானுக்குள்ள தங்கம். இவ்வளவு மெல்லிசுல ஊசித்துளை இருக்கத்தான் செய்யும். அந்தத் துளை வழியா வேர்வை இறங்கினா டேவி கதை தலைகீழா நடக்கும். தங்கம் சொகுசா உட்கார்ந்துக்கும், அடியில இருக்கிற ஏழை உலோகம் பலியாகும். பெரிய தங்கப்பரப்பு, குட்டித் துளை, மொத்த அரிப்பும் அந்த ஒரு புள்ளியில. போதாக்குறைக்கு நிக்கல் மின்சாரத்தை அவ்வளவு நல்லாக் கடத்தாது, அலை பலவீனமாகும்.

இதனாலதான் பாரிலீனுக்கு மவுசு. 1947ல மான்செஸ்டர்ல மைக்கேல் ஸ்வார்க் கண்ணுல தற்செயலாப் பட்டது. யூனியன் கார்பைடுல கோர்ஹாம் அதை ஒழுங்கான முறையாக்கி 1965ல சந்தைக்கு வந்துச்சு. பவுடரை ஆவியாக்கி, 700 டிகிரி பக்கம் சூடாக்கி, வெற்றிடத்துல விட்டா சாதா வெப்பநிலையிலயே எல்லா இண்டு இடுக்குலயும் சில மைக்ரான் தோலா படியும். பெயிண்ட் போகாத இடத்துக்கும் போகும், அலையையும் பெரிசாத் தடுக்காது. ஆனா இணைப்பு முனையிலயும் சார்ஜ் ஏத்துற முனையிலயும் பூச முடியாது, பூசினா மின்சாரமே போகாது. அத்தா மெஷின்ல பச்சை பூத்ததும் சரியா அந்த இடத்துலதான்.

நாட்டோட அரிப்பு ஆராய்ச்சிக்குன்னு பெரிய கூடம் நம்மகிட்டயே இருக்கு. அழகப்பச் செட்டியார் கொடுத்த 300 ஏக்கர்லயும் 15 லட்ச ரூபாயிலயும் 1948ல நேரு அடிக்கல் நாட்ட, 1953ல திறந்த காரைக்குடி மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம். மண்டபம் கடற்கரையில உலோகத் துண்டுகளை உப்புக்காத்துல வச்சு வருஷக்கணக்கா பார்ப்பாங்க. கடல் ரொம்ப தூரத்துல இருக்கிற எங்க ஊரு அந்தக் கணக்குப்படி பத்திரமான ஊராத்தான் இருக்கணும். காதுக்குப் பின்னாடி ஒரு மண்டபம் கடற்கரை இருக்கிறதை எந்த வரைபடத்துல போடறது?

புது ஆன்டெனா மாத்தி வாங்கிட்டு வந்தோம். வீட்டுக்கு வந்ததும் அத்தா பழைய பழக்கத்துல மெஷினை அரிசி டப்பாவுல வைக்கப் போனார். பிடுங்கி, சிலிக்கா ஜெல் போட்ட மூடி டப்பாவைக் கொடுத்தேன். ராத்திரி துடைச்சிட்டு இதுல வைங்க, குறிப்பா அந்த முனையைத் துடைங்கன்னேன். "ஏன்?"னு கேட்டார். பரமசிவன் கதையைச் சொன்னேன். பாதியிலயே "சரி சரி"ன்னார்.

மெஷினைக் கழட்டி டப்பாவுல வச்சிருந்தார்.