கமிட்டியில் யார் உட்கார்ந்தார்கள்?

இரும்பைக்குத் தெற்கே சுமார் பத்து கிலோமீட்டரில் புதுச்சேரி. வடக்கே கடற்கரையோரமாகப் போனால் மரக்காணம் உப்பளம். 1936இல் இரும்பை தென்னாற்காடு மாவட்டத்தில், பிரிட்டிஷ் ஆட்சியில் இருந்தது. புதுச்சேரியில் பிரெஞ்சு ஆட்சி. இரண்டு நாடுகளின் சட்டம் ஒரு காலைநேர நடை தூரத்தில் மாறியது.

புதுச்சேரியில் சவானா, ரோடியர், கப்ளே என்று மூன்று பஞ்சாலைகள். அங்கே சங்கம் கட்டியவர்களில் முதன்மையானவர் வ. சுப்பையா. ஆலைவாசலுக்கு வருமுன் அவர் சேரிக்குள் வந்தவர். 1933இல் அரிசன சேவா சங்கத்தைப் புதுச்சேரியில் தொடங்கினார். (அந்தப் பெயரை நாம் ஏற்பதில்லை. ஆனாலும் வந்த வழியைக் குறித்துக்கொள்வோம்.) 1935 பிப்ரவரியில் சவானாவில் வேலைநிறுத்தம். அடுத்த ஆண்டு ஜூலையில் தொழிலாளர்கள் ஆலைக்குள்ளேயே உட்கார்ந்துவிட்டார்கள். ஜூலை 30 அன்று துப்பாக்கிச் சூடு. 12 தொழிலாளர்கள் செத்தார்கள்.

பிரான்சில் அப்போது லியோன் புளும் தலைமையிலான மக்கள் முன்னணி ஆட்சி. அங்கேயும் தொழிலாளர்கள் ஆலைகளுக்குள் உட்கார்ந்துதான் உரிமை பெற்றிருந்தார்கள். சுப்பையா பாரிஸ் வரை போய் வழக்காடினார். 1937 ஏப்ரல் 6 ஆணையில் எட்டு மணி நேர வேலையும் சங்கம் அமைக்கும் உரிமையும் வந்தன. பிரிட்டிஷ் பக்கத்தில் வாரம் 48 மணி என்ற வரம்பு வர 1946 ஆயிற்று. அந்த மசோதாவைக் கொண்டுவந்தவர் தொழிலாளர் துறை உறுப்பினராக இருந்த அம்பேத்கர். ஆலைச் சங்கத்தில் பழகிய புதுச்சேரித் தொழிலாளர்கள் பிறகு விடுதலைப் போராட்டத்துக்கும் முதுகெலும்பானார்கள்.

இதோடு கதையை முடித்தால் நமக்கு நாமே பொய் சொல்லிக்கொள்வதாகும். சென்னை பெரம்பூருக்குப் போக வேண்டும். 1918இல் பி.பி. வாடியாவும் திரு.வி.க.வும் முன்னின்று நடத்திய சென்னைத் தொழிலாளர் சங்கம் இந்தியாவின் முன்னோடிச் சங்கங்களில் ஒன்று. 1921இல் பின்னி ஆலை வேலைநிறுத்தத்தில் ஆதிதிராவிடத் தொழிலாளர்களில் பெரும்பாலோர் வேலைக்குத் திரும்பினார்கள். புளியந்தோப்பில் கலவரம், துப்பாக்கிச் சூடு. கருங்காலிகள் என்று ஏசுவது எளிது. அதுவரை அவர்களை யார் அழைத்துப் பேசினார்கள்? நீதிக்கட்சித் தலைவர்கள் பழியை ஆதிதிராவிடர் மேலேயே போட்டார்கள். எம்.சி. ராஜா 1923இல் அந்தக் கட்சியை விட்டு வெளியேறினார்.

பம்பாய் ஆலைகளில் நெசவுப் பகுதிக்குள் தீண்டப்படாதவர்களை விடமாட்டார்கள். அறுந்த நூலை வாயால் ஈரமாக்கி முடிய வேண்டும். எச்சில் பட்டால் தீட்டு. இந்தக் கதவைத் திறக்கும் கோரிக்கையையும் சேர்த்தால்தான் ஆதரவு என்று 1928 வேலைநிறுத்தத்தில் சங்கத்திடம் அம்பேத்கர் கேட்டார். அரைமனதாகத்தான் ஏற்றார்கள். பத்து ஆண்டு கழித்து மன்மாட் ரயில்வேத் தொழிலாளர் மாநாட்டில், முதலாளித்துவமும் பார்ப்பனியமும் நம் இரு எதிரிகள் என்றார்.

சங்கக் கமிட்டி என்பது கோரிக்கைப் பட்டியல் எழுதும் இடம். அங்கே ஆள் இல்லாதவரின் வலி தாளில் ஏறாது. கூலி, வேலை நேரம், பஞ்சப்படி எல்லாம் முதல் வரிகளில் இருக்கும். தனிக்குடமும் தனிச்சுடுகாடும் கடைசி வரியில்கூட இருக்காது.

2020இல் புதுச்சேரியின் ஆலைகள் மூடப்பட்டுவிட்டன. உப்பளம் மூடவில்லை. அங்கே விடியலுக்கு முன் வேலை தொடங்கும். வெயிலேறினால் உப்பின் வெளுப்பு கண்ணைக் கூசும், பாதம் வெடிக்கும். வடகிழக்குப் பருவமழை வந்தால் பாத்தியில் வேலையே இல்லை. எட்டு மணி நேரச் சட்டம் பருவக்கூலியிடம் வந்து சேராது. உப்பளக் குடும்பங்களுக்கு மழைக்கால நிவாரணமாக 5,000 ரூபாய் கொடுக்க தமிழ்நாடு அரசு முன்வந்திருப்பது நல்லதுதான். ஆனால் யார் உப்பளத் தொழிலாளி என்பதைச் சொல்லும் பட்டியலை யார் எழுதுகிறார்கள் தோழர்களே? பாத்தியில் வாருபலகை பிடிக்கும் காலனிப் பெண் அந்த மேசையில் உட்கார்ந்திருக்கிறாரா? அடுத்த மழைக்கு முன் நாம் போய்ப் பார்க்க வேண்டியது அந்தப் பட்டியலைத்தான்.