விளையாட்டுக் காசும் வினையான வங்கியும்

டிஜிட்டல் கரன்சி என்றதும் எல்லோரும் பிட்காயினிலிருந்துதான் கதையை ஆரம்பிக்கிறார்கள். பேங்க் வேலையில் இருபது வருஷத்துக்கு மேல் குப்பை கொட்டியவன் என்ற முறையில், எனக்கு அதற்கும் முன்னால் நடந்த ஒரு சின்னக் கதைதான் முக்கியமாகப் படுகிறது. 2007-ல் ஒரு கம்ப்யூட்டர் விளையாட்டுக்குள் ஒரு வங்கி திவாலானது. விளையாட்டுதானே என்று சிரித்துவிட்டுப் போகலாம். ஆனால் பின்னாளில் கோடிக்கணக்கான டாலர்களை விழுங்கிய சரிவுகளில் நடந்தவை பலவும் அந்தக் குட்டி வங்கியில் முன்கூட்டியே நடந்துவிட்டன.

சான் பிரான்சிஸ்கோவைச் சேர்ந்த லிண்டன் லேப் என்ற கம்பெனி 2003-ல் 'செகண்ட் லைஃப்' என்று ஒன்றை ஆரம்பித்தது. சுடுவது, துரத்துவது, ஜெயிப்பது எதுவும் அதில் முக்கியமில்லை. நமக்கென்று ஒரு உருவம் எடுத்துக்கொண்டு உள்ளே போக வேண்டியது. மனை வாங்கலாம், வீடு கட்டலாம், துணிமணி வடிவமைத்து விற்கலாம். உள்ளே புழங்கும் காசுக்கு லிண்டன் டாலர் என்று பெயர். நிஜ டாலர் கொடுத்து அதை வாங்கலாம். விற்றால் மறுபடி நிஜ டாலராக வெளியே எடுக்கலாம். ஏறக்குறைய 270 லிண்டன் டாலருக்கு ஒரு அமெரிக்க டாலர். விலை ஏறினால் கம்பெனியே புதுக் காசை விற்று இறக்கும். நம்ம ரிசர்வ் வங்கி செய்கிற வேலையை ஒரு தனியார் கம்பெனி செய்தது என்று வைத்துக்கொள்ளுங்களேன்.

அப்போது இதைப் பற்றி உலகமே பேசியது. உள்ளே மனை வாங்கி விற்றே பணம் பார்த்த ஒரு பெண்மணியின் உருவத்தை 2006 மே மாதம் பிசினஸ்வீக் அட்டையில் போட்டது. ராய்ட்டர்ஸ் அங்கே ஒரு நிருபரையே போட்டது. 2007-ல் ஸ்வீடன் ஒரு தூதரகம்கூடத் திறந்தது! இத்தனை அமர்க்களத்துக்கு நடுவே, கம்பெனியின் நிபந்தனைகளில் ஒரு விஷயம் யார் கண்ணிலும் அதிகம் படாமல் கிடந்தது. லிண்டன் டாலர் என்பது பணம் இல்லை, எங்கள் சேவையைப் பயன்படுத்த நாங்கள் கொடுக்கும் ஒரு அனுமதி மட்டுமே என்பதுதான் அது. இதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு திரும்ப வரும்.

காசு வந்துவிட்டால் கூடவே வங்கி வராமல் இருக்குமா? உள்ளே விளையாடியவர்களே வங்கி திறந்தார்கள். அவற்றில் பெரிய பெயர் ஜின்கோ ஃபைனான்ஷியல். டெபாசிட்டுக்கு வருஷத்துக்கு 40 சதவிகிதத்துக்கும் மேல் வட்டி. பணத்தை எடுக்க விளையாட்டுக்குள்ளேயே ஏ.டி.எம். பொம்மைகள். வாங்கிய பணத்தை எங்கே போட்டு இவ்வளவு வட்டி சம்பாதிக்கிறார்கள் என்பதற்கு மட்டும் தெளிவான பதில் இல்லை. வட்டி ஒழுங்காக வரும்வரை அந்தக் கேள்வியைக் கேட்கவும் ஆள் அதிகம் இல்லை.

2007 ஜூலை கடைசியில், அமெரிக்கச் சட்டத்துக்குப் பயந்து லிண்டன் லேப் உள்ளே சூதாட்டத்தைத் தடை செய்தது. சூதாட்ட விடுதிகள் அந்த உலகத்தின் பெரிய தொழில். தொழில் படுத்ததும் ஆளாளுக்குக் கைக்காசு தேவைப்பட்டது. ஜின்கோவின் ஏ.டி.எம். முன்னால் கூட்டம் கூடியது. முதலில் எடுக்கும் தொகைக்கு உச்சவரம்பு வைத்தார்கள். வரம்பு வைத்த செய்தியே இன்னும் பத்து பேரைக் கூட்டி வந்தது. ஆகஸ்டில் கடையைச் சாத்திவிட்டு, டெபாசிட்களையெல்லாம் முதிர்வுத் தேதியே இல்லாத பத்திரங்களாக மாற்றிக் கையில் கொடுத்தார்கள். மொத்தம் சுமார் 20 கோடி லிண்டன் டாலர். நிஜக் கணக்கில் ஏறத்தாழ ஏழரை லட்சம் அமெரிக்க டாலர்.

இங்கே பேங்க்காரனாக ஒரு விஷயம் சொல்ல வேண்டும். நல்ல வங்கியும்கூட, டெபாசிட் போட்ட அத்தனை பேரும் ஒரே காலையில் வந்து நின்றால் கொடுக்க முடியாது. பணம் வீட்டுக் கடனாகவும் தொழில் கடனாகவும் வெளியே போயிருக்கும். கொடுத்தது பத்து வருஷத்தில் திரும்ப வரும். வாங்கியதை நாளைக்கே கேட்பார்கள். இந்த இடைவெளியில்தான் வங்கித் தொழிலே இருக்கிறது. இந்த இடைவெளி ஊரைக் கவிழ்த்துவிடாமல் இருக்கத்தான் ரிசர்வ் வங்கியிடம் கட்டாய இருப்பு, அவசரத்துக்கு ரிசர்வ் வங்கியிடமிருந்து கடன், டெபாசிட்டுக்கு இன்ஷூரன்ஸ் என்று அடுக்கடுக்காக வேலி போட்டிருக்கிறார்கள்.

அந்த வேலியும் யாரோ முன்யோசனையோடு உட்கார்ந்து போட்டதில்லை. 1960 ஆகஸ்டில் கேரளத்தின் பாலாய் சென்ட்ரல் பாங்க் மூடப்பட்டது. சேமிப்பைத் தொலைத்த குடும்பங்களின் கூக்குரலுக்குப் பிறகுதான் 1962 ஜனவரியில் டெபாசிட் இன்ஷூரன்ஸ் வந்தது. அப்போது ஒருவருக்கு 1,500 ரூபாய் வரை. படிப்படியாக ஏறி, 2020 பிப்ரவரியில் 5 லட்சம் ஆனது. நம்ம ஊர்க் கதையும் இதேதான். தொண்ணூறுகளில் 24 சதவிகிதம், 36 சதவிகிதம் என்று போர்டு மாட்டிய ஃபைனான்ஸ் கம்பெனிகளில் ரிட்டயர்மென்ட் பணத்தைப் போட்டு ஏமாந்தவர் நம்மில் பல குடும்பங்களில் உண்டு. அந்தக் கண்ணீருக்குப் பிறகுதான் 1997-ல் தமிழ்நாடு முதலீட்டாளர் நலப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. சட்டம் எப்போதும் பிணத்துக்குப் பின்னால்தான் வந்து சேர்கிறது.

செகண்ட் லைஃபிலும் அதே வரிசைதான். ஜின்கோ போய் ஐந்து மாதம் கழித்து, 2008 ஜனவரி 8-ம் தேதி லிண்டன் லேப் ஒரு அறிவிப்பு விட்டது. நிஜ உலகத்தில் அரசாங்கத்திடம் வாங்கிய வங்கி உரிமத்தையோ பதிவுச் சான்றையோ காட்டாமல், ஜனவரி 22 முதல் யாரும் உள்ளே வட்டி தருவதாகச் சொல்லக் கூடாது. காசு இருக்கலாம், கடை இருக்கலாம், வட்டி மட்டும் கூடாது. ஒரு விளையாட்டுக் கம்பெனி தானாகவே வந்து சேர்ந்த இந்த முடிவின் அருமை, அப்போது பலருக்கும் புரியவில்லை.

அடுத்த கதை இன்னும் வேடிக்கை. 'ஈவ் ஆன்லைன்' என்று ஒரு விண்வெளி விளையாட்டு. அதை நடத்துவது ஐஸ்லாந்து கம்பெனி. 2008 அக்டோபரில் தன் மூன்று பெரிய வங்கிகளையும் ஒரே வாரத்தில் பறிகொடுத்த அதே ஐஸ்லாந்து! அந்த விளையாட்டுக்குள் ஈபேங்க் என்று ஒரு வங்கி. 2009-ல் அதன் தலைவராக இருந்த ஆஸ்திரேலியர், சுமார் 20,000 கோடி விளையாட்டுக் காசை எடுத்து வெளியே விற்றார். கிடைத்தது ஏறக்குறைய 6,300 ஆஸ்திரேலிய டாலர். வீட்டுக்கு முன்பணம் கட்டவும் குடும்ப மருத்துவச் செலவுக்கும் என்றார். கம்பெனி அவரை வெளியேற்றியது. எதற்குத் தெரியுமா? டெபாசிட்தாரர் பணத்தை எடுத்ததற்கு இல்லை, அது விளையாட்டின் விதிப்படி குற்றமே இல்லை. விளையாட்டுக் காசை நிஜப் பணத்துக்கு விற்றதுதான் குற்றம். ஒரு சட்டம் எதைக் காப்பதற்காக எழுதப்பட்டதோ, அதைத்தான் காக்கும். டெபாசிட்தாரரை மனதில் வைத்து எழுதாத சட்டத்தில் அவருக்கு இடம் இருக்காது.

இதற்கு நடுவே 2009 ஜனவரியில் பிட்காயின் ஓட ஆரம்பித்துவிட்டது. அதை வாங்கி விற்கும் பெரிய சந்தையாக இருந்த மவுண்ட் காக்ஸ், முதலில் ஒரு சீட்டு விளையாட்டின் சீட்டுகளைப் பரிமாறிக்கொள்ள யோசித்த தளம். பெயரே அதிலிருந்து வந்ததுதான். 2014 பிப்ரவரியில் அது திவாலானபோது சுமார் 8,50,000 பிட்காயின் காணோம் என்றார்கள். பிறகு 2,00,000 மட்டும் கிடைத்தது. பிட்காயினின் கணக்குப் புத்தகத்தில் ஒரு எழுத்துகூடத் தவறவில்லை. தவறியது அதை வாங்கிப் பூட்டி வைத்திருக்கிறேன் என்று சொன்ன இடம்.

அதற்குப் பிறகு வந்தது வட்டிக் காலம். 2022 மே மாதம் சரிந்த டெர்ரா என்ற நாணயத்துக்கு, ஆங்கர் என்ற திட்டம் ஏறக்குறைய 20 சதவிகித வட்டி கொடுத்துக்கொண்டிருந்தது. அதே வருஷம் ஜூன் 12-ம் தேதி செல்சியஸ் என்ற அமெரிக்கக் கம்பெனி, வாடிக்கையாளர்கள் பணம் எடுப்பதை நிறுத்தியது. 17 சதவிகிதம் வரை வட்டி என்று விளம்பரம் செய்து, வங்கிகளைக் கேலி பேசி வளர்ந்த கம்பெனி அது. ஒரு மாதத்தில் திவால் மனு. 2023 ஜனவரியில் நியூயார்க் நீதிமன்றம் சொன்ன தீர்ப்பைக் கவனியுங்கள். வட்டிக் கணக்கில் போட்ட நாணயங்கள் கம்பெனிக்கே சொந்தம், ஏனென்றால் வாடிக்கையாளர்கள் 'சம்மதம்' என்று தட்டிய நிபந்தனைகளில் அப்படித்தான் எழுதியிருக்கிறது! சுமார் 6 லட்சம் கணக்குகள், 420 கோடி டாலர். அத்தனை பேரும் கடன்காரர் வரிசையில் கடைசிப் பக்கம் போய் நின்றார்கள். லிண்டன் டாலர் பணம் இல்லை, அனுமதிதான் என்ற வரி ஞாபகம் இருக்கிறதா? அதே பொடி எழுத்துதான். தொகை மட்டும் பெரிது. செல்சியஸ் தலைவருக்கு 2025 மே மாதம் 12 வருஷம் சிறை கிடைத்தது. போட்டவர்களுக்கு முழுப் பணம் கிடைக்கவில்லை.

என் மச்சினர் பையன் புனேயில் சாஃப்ட்வேர் வேலை. 2021-ல் ஒருநாள் நாக்பூரில் எங்கள் வீட்டில் சாப்பிட்டுக்கொண்டே, "மாமா, உங்க பேங்க்ல அஞ்சரை பர்சென்ட். இங்க பன்னெண்டு தர்றான். நீங்க இன்னும் அந்தக் காலத்துலயே இருக்கீங்க" என்றான். ஊரில் தாத்தா வீட்டை விற்றதில் வந்த பங்கில் கொஞ்சத்தை இப்படி ஒரு வெளிநாட்டுக் கம்பெனியில் போட்டிருந்தான். அடுத்த வருஷம் அதுவும் கதவைச் சாத்தியது. அப்போது ஃபோன் பண்ணி அவன் கேட்டது ஒரே கேள்வி. "யார்கிட்ட மாமா புகார் கொடுக்கறது?" வங்கிக் குறைதீர்ப்பாளர் கிடையாது, டெபாசிட் இன்ஷூரன்ஸ் கிடையாது, போய் நிற்க ஒரு கிளை கிடையாது. எனக்குச் சொல்ல ஒரு விலாசமும் இல்லை.

சரி, அரசாங்கமே வேண்டாம் என்று பிறந்த நாணயங்கள் ஆபத்து வந்தால் எங்கே ஓடின என்று பார்ப்போம். ஒரு டாலருக்கு ஒரு நாணயம் என்று ஈடு வைத்து வெளியிடப்படும் யு.எஸ்.டி.சி. நாணயத்தின் ஈட்டுப் பணம் சுமார் 4,000 கோடி டாலர். அதில் 330 கோடி டாலர், 2023 மார்ச் 10-ம் தேதி மூடப்பட்ட சிலிக்கான் வேலி பேங்கில் சிக்கிக்கொண்டது. மறுநாளே அந்த 'ஒரு டாலர்' 88 சென்ட்டுக்கும் கீழே இறங்கியது. அமெரிக்க அரசு தலையிட்டு, அந்த வங்கியின் எல்லா டெபாசிட்டுக்கும் நாங்கள் பொறுப்பு என்று சொன்ன பிறகுதான் பழைய நிலைக்கு வந்தது. கடைசியில் கைகொடுத்தது அதே பழைய உத்தரவாதம்தான்.

2025 ஜூலையில் அமெரிக்கா இந்த வகை நாணயங்களுக்கு ஒரு சட்டம் போட்டது. முழு ஈடு வைக்க வேண்டும். வெளியிடும் கம்பெனி அதை வைத்திருப்பவருக்கு வட்டி தரக் கூடாது. ஐரோப்பாவின் சட்டமும் இதே மாதிரி நாணயங்களுக்கு வட்டியைத் தடுக்கிறது. 2022 டிசம்பர் 1-ல் நம்ம ரிசர்வ் வங்கி பொதுமக்களுக்காகச் சோதனை ஆரம்பித்த டிஜிட்டல் ரூபாய்க்கும் வட்டி கிடையாது. ஏன் என்று புரிகிறதல்லவா? காசு வேறு, டெபாசிட் வேறு. காசு பையில் சும்மா இருக்கும். வட்டி வர வேண்டுமென்றால் யாரோ அதை எடுத்து இன்னொருவருக்குக் கொடுத்தாக வேண்டும். அந்த நிமிஷமே அது வங்கி, அதற்கு வங்கிக்குரிய வேலி வேண்டும். 2008-ல் லிண்டன் லேப் பிடித்த அதே கோட்டுக்கு வல்லரசுகள் வந்து சேரப் பதினேழு வருஷம் ஆனது.

நம் நாட்டு நிலவரத்தையும் சொல்லிவிடுகிறேன். ரிசர்வ் வங்கி முதல் எச்சரிக்கை விட்டது 2013 டிசம்பரில். 2018 ஏப்ரலில் வங்கிகள் இந்தத் தொழிலுக்குச் சேவை தரக் கூடாது என்றது. அந்தச் சுற்றறிக்கையை 2020 மார்ச் 4-ம் தேதி உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. 2022 பட்ஜெட்டில் லாபத்துக்கு 30 சதவிகித வரியும், விற்பனைத் தொகையில் 1 சதவிகிதப் பிடித்தமும் வந்தன. 2023 மார்ச்சில் கறுப்புப் பணத் தடுப்புச் சட்டத்துக்குள் கொண்டுவந்தார்கள். வரி கட்டுகிறோமே, அப்படியானால் பாதுகாப்பும் உண்டு என்று பலர் நினைக்கிறார்கள். இரண்டும் வேறு வேறு. 2024 ஜூலையில் வசீர்எக்ஸ் சந்தையிலிருந்து 23 கோடி டாலருக்கு மேல் திருடப்பட்டபோது, டெபாசிட் இன்ஷூரன்ஸிலிருந்து யாருக்கும் ஒரு பைசா வரவில்லை. வரவும் வழியில்லை.

பிள்ளைகள் இதை வாங்கவே கூடாது என்று நான் சொல்ல மாட்டேன். போனாலும் பரவாயில்லை என்ற தொகையில், தெரிந்து வாங்கினால் அது அவர்கள் சமர்த்து. ஆனால் யாராவது அதற்கு வட்டி தருகிறேன் என்றால் நாலு கேள்வி கேட்கச் சொல்லுங்கள். இந்த வட்டி யார் கையிலிருந்து வருகிறது? பொடி எழுத்தில் பணம் யார் பெயரில் இருக்கிறது? எல்லோரும் ஒரே நாளில் கேட்டால் யார் கொடுப்பார்கள்? கொடுக்காவிட்டால் எந்த ஊரில், எந்த அலுவலகத்தில் போய் நிற்பது? நாலாவது கேள்விக்கு ஒரு விலாசம் எழுதித் தர முடியவில்லை என்றால், தாத்தா வீட்டை விற்ற பணத்தை அங்கே போட வேண்டாம்.