மூன்று வருட அக்ரிமெண்ட்: வெளிநாடு போன நர்ஸ்களின் கதை



எங்கள் திருத்தணியில் நல்ல காரியம் எதுவானாலும் முதலில் 365 படி ஏறி முருகனைப் பார்த்துவிட்டுத்தான் மறுவேலை. போன மாதம் எங்கள் தெரு அக்கா ஒருவர் அப்படித்தான் மலைக்குப் போய் வந்தார். நர்சிங் முடித்தவர். வளைகுடாவில் வேலை கிடைத்திருக்கிறது. வந்த கையோடு அக்ரிமெண்ட்டை என்னிடம் நீட்டினார்.

"தம்பி, சம்பளம் எல்லாம் பார்த்துட்டேன். கடைசிப் பக்கத்துல ஏதோ சட்டமா எழுதியிருக்கு. படிச்சுச் சொல்லுப்பா."

அதில் இருந்த விஷயம் இவ்வளவுதான். வேலை இரண்டு வருடம். அதற்குப் பிறகு புதுப்பிப்பது நிர்வாகத்தின் விருப்பம். வேலை முடிந்தால் அந்த நாட்டில் தங்கும் அனுமதியும் முடிந்துவிடும்.

"அப்போ பத்து வருஷம் உழைச்சாலும் அங்கேயே இருக்க முடியாதா?" என்று கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை. தேடிப் படித்ததைத்தான் இங்கே எழுதுகிறேன்.

ஜெர்மனியில் நடந்தது

1960களில் மேற்கு ஜெர்மனியில் நர்ஸ்களுக்குப் பெரிய பஞ்சம். கத்தோலிக்கத் திருச்சபை வழியாகக் கேரளாவிலிருந்து ஆயிரக்கணக்கான இளம்பெண்கள் அங்கே போனார்கள். பலர் அங்கே போய்த்தான் நர்சிங்கே படித்தார்கள். தென்கொரியாவிலிருந்தும் 1966 முதல் 1976 வரை 10,000க்கும் மேற்பட்ட நர்ஸ்கள் போனார்கள். கொரியப் பெண்களுக்கு அக்ரிமெண்ட் மூன்று வருடம்.

1973ல் எண்ணெய் நெருக்கடி வந்தது. அந்த வருடம் நவம்பர் மாதம் ஜெர்மன் அரசு வெளிநாட்டிலிருந்து ஆள் எடுப்பதை நிறுத்தியது. சில வருடங்களில் உள்ளூர் நர்ஸ்களும் கிடைக்க ஆரம்பித்தார்கள். அவ்வளவுதான்! அதுவரை வேண்டியவர்களாக இருந்தவர்கள் வேண்டாதவர்கள் ஆனார்கள். குறிப்பாகத் தென் மாநிலங்களில் பலருக்கு அனுமதியைப் புதுப்பிக்க மறுத்தார்கள். சிலர் வேறு மாநிலத்துக்கு மாறினார்கள், சிலர் ஊர் திரும்பினார்கள். கல்யாணமாகிக் கணவரை அழைத்துக் கொண்டவர்களுக்கு இன்னொரு சோதனை. கணவருக்கு ஆரம்ப வருடங்களில் வேலை செய்ய அனுமதி கிடையாது. மனைவி ஆஸ்பத்திரிக்குப் போக, கணவர் வீட்டில் குழந்தையைப் பார்த்துக் கொண்டார்.

கொரிய நர்ஸ்கள் சும்மா இருக்கவில்லை. 1977ல் தெருவில் நின்று கையெழுத்து வாங்கினார்கள். தேவைப்படும்போது வாங்கி, தேவை தீர்ந்ததும் திருப்பி அனுப்ப நாங்கள் சரக்கு அல்ல என்பதுதான் அவர்கள் வாதம். ஜெர்மன் மக்களும் ஆதரவு தந்தார்கள். கடைசியில் தங்கும் உரிமை கிடைத்தது. அந்த உரிமை அக்ரிமெண்ட்டில் எழுதியிருந்தது அல்ல, கேட்டு வாங்கியது என்பது குறிப்பிடத்தக்கது.

பிரிட்டனிலும் அதே கதைதான்

பிரிட்டனில் நிரந்தரமாகத் தங்க வழி உண்டு. ஆனால் அந்த வழியின் நீளம் மாறிக்கொண்டே இருக்கிறது. 2006 ஏப்ரலில் 4 வருடம் என்பது 5 வருடம் ஆனது. அதே வருடம் சாதாரண நர்ஸ் வேலைகளைப் பற்றாக்குறைப் பட்டியலிலிருந்து எடுத்தார்கள். அடுத்து 2016 ஏப்ரல் முதல் வருடம் 35,000 பவுண்ட் சம்பளம் இருந்தால்தான் நிரந்தரமாகத் தங்கலாம் என்று விதி வந்தது. பெரும்பாலான நர்ஸ்களுக்கு அவ்வளவு சம்பளம் ஏது? நர்ஸ்கள் சங்கம் எதிர்த்தது. ஆஸ்பத்திரிகளிலும் ஆள் இல்லை. எனவே 2015 அக்டோபரில் நர்ஸ்களை மறுபடி பட்டியலில் சேர்த்து விலக்கு கொடுத்தார்கள். 2025 மே மாதம் வெளியான வெள்ளை அறிக்கை 5 வருடத்தைப் பொதுவாக 10 ஆக்கலாம் என்று சொன்னது.

வளைகுடா

இங்கேதான் நம் ஊர்க்காரர்கள் அதிகம். தங்கும் அனுமதி (இகாமா) வேலையோடு கட்டப்பட்டது. 'கஃபீல்' முறையைப் பல நாடுகள் தளர்த்தியிருக்கின்றன. ஆனாலும் இத்தனை வருடம் உழைத்தால் நிரந்தர உரிமை என்ற பொதுவான சட்டம் இல்லை. சவுதி 2019ல் கொண்டுவந்த நிரந்தர அனுமதிக்குக் கட்டணம் 8 லட்சம் ரியால்! நர்ஸ் கட்டக்கூடிய தொகையா அது? 2025 மே மாதம் துபாய் ஹெல்த் நிறுவனத்தில் 15 வருடத்துக்கு மேல் பணியாற்றிய நர்ஸ்களுக்கு கோல்டன் விசா அறிவித்தார்கள். நல்ல விஷயம்தான். ஆனால் அது பரிசு, உரிமை அல்ல.

2014ல் ஈராக்கின் திக்ரித்தில் 46 இந்திய நர்ஸ்கள் போருக்கு நடுவே சிக்கியது நினைவிருக்கும். ஒருவர் நம் தூத்துக்குடிக்காரர், மற்றவர்கள் கேரளா. குண்டு விழும்போதும் சிலர் கிளம்பத் தயங்கினார்கள். காரணம், சம்பள பாக்கியும் ஊரில் வாங்கிய கடனும். ஜூலை 5ல் கொச்சி வந்து சேர்ந்தார்கள். அடுத்த வருடமே, 18 நாடுகளுக்குப் போகும் நர்ஸ்கள் அரசு நிறுவனங்கள் வழியாகத்தான் போகவேண்டும் என்று மத்திய அரசு விதி போட்டது. தமிழ்நாட்டில் அந்த வேலையைச் செய்வது 1978ல் தொடங்கிய அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம்.

ஒரு விஷயம் யோசித்துப் பார்த்தேன். 1953ல் எங்கள் ஊர் ஆந்திராவோடு போனது. ம.பொ.சி. போன்றவர்கள் போராடி, 1960 ஏப்ரல் 1ல் சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது. எல்லைதான் இப்படியும் அப்படியும் நகர்ந்தது. எங்கள் தாத்தா பாட்டியை யாரும் வீட்டைக் காலி செய்யச் சொல்லவில்லை. நர்ஸ்களுக்கோ எல்லை அப்படியே இருக்கிறது, ஆள் பற்றாக்குறை தீர்ந்தால் அவர்கள்தான் நகரவேண்டும்.

அக்காவிடம் சொன்னேன்: "இருக்க முடியாதுன்னுதான் அக்கா எழுதியிருக்கு. அக்ரிமெண்ட் நகல் ஒண்ணு வீட்ல வச்சுட்டுப் போங்க. அரசு நிறுவனத்துலயும் ஒருதடவை விசாரிங்க. ரெண்டு வருஷத்துல கடன் அடையுமான்னு இப்பவே கணக்குப் போடுங்க."

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "திரும்பி வரணும்னு தெரிஞ்சே போறேன்ப்பா, அது போதும்" என்றார்.

வெளிநாடு போகும் அக்கா தங்கை உங்கள் வீட்டிலும் இருக்கலாம் நண்பர்களே. சம்பளத்தைப் பார்த்த பிறகு கடைசிப் பக்கத்தையும் படிக்கச் சொல்லுங்கள்.