மஞ்சள் வந்தது, நிறுத்தம் வரலை

காலை ஏழேகால். மெயின் ரோட்டில் மகளோட ஸ்கூல் பஸ் நின்றதுமே பின்னாடி ஹாரன் ஆரம்பிச்சுடும். இடதுபக்கச் சந்தில் பைக்குகள் நுழையும். இந்த மஞ்சள் பஸ்ஸோட வரலாற்றைத் தேடினேன்.

1939-ல் நியூயார்க்கில் பிராங்க் சைர் கூட்டிய மாநாடு 44 தரநிலைகளை வகுத்தது. மங்கிய காலை வெளிச்சத்திலும் கறுப்பு எழுத்து தெரியணும் என்பதால் மஞ்சள். சிவப்பு விளக்கு போட்டு பஸ் பிள்ளைகளை ஏற்றினால், பின்னால் வரும் வண்டி நின்றே ஆகணும்; அமெரிக்காவின் எல்லா மாநிலங்களிலும் இதுதான் சட்டம்.

டெல்லியில் 1997 நவம்பரில் பள்ளிப் பேருந்து ஒன்று யமுனையில் விழுந்த பிறகு, உச்ச நீதிமன்றம் உத்தரவு போட்டது: வேகக் கட்டுப்பாட்டுக் கருவி, பூட்டும் கதவு, 5 வருட அனுபவமுள்ள டிரைவர். எல்லாமே பஸ்ஸுக்கு. பின்னாடி வர்றவங்களுக்கு? மகள் ஏறுற வரைக்கும் நான்தான் கையை நீட்டிக்கிட்டு நிற்கிறேன்.